திங்கட்கிழமை நோய்

மாதா கோயிலுக்கு நேர் எதிரே வண்டி நின்றது. போன திங்கட்கிழமையும் இதே இடம்தான்.

இசபெல்லா ஸ்டாண்டைப் போட்டாள். சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே பெடலை மிதித்தாள். மொபெட் சளி பிடித்ததுபோல இரண்டு இருமல் இருமியது. பிறகு இருமவும் தெம்பில்லாமல் ஓய்ந்துவிட்டது.

காலை மணி அடித்துவிட்டு வெளியே வந்த உபதேசியார் பெரியநாயகம், கோயில் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். மணி அடிப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது, சாமியார் வெளியூர் போனால் செபம் சொல்வது எல்லாம் அந்தக் கோயிலில் அவர் வேலை.

"எறங்கி ஒரு மன்றாட்டு சொல்லிட்டுப் போயேம்மா. மாதா கூப்புடறா. நீதான் காதுல வாங்க மாட்டேங்கற."

"கூப்புடணும்னா பேர் சொல்லிக் கூப்புடட்டுங்க. வண்டிய எதுக்குப் புடிச்சி நிறுத்தறா?"

சாப்பாட்டுக் கூடையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு துண்டு உப்புத்தாளும் இருந்தன. பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்தாள். கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி, உள்ளே இருந்ததை ரோட்டில் கொட்டி, வாயால் ஊதி மாட்டினாள். பெட்ரோல் நாக்கில் பட்டது. துப்பினாள்.

"தள்ளுங்க, உபதேசியாரே."

அவர் தள்ளினார். வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. கிளம்பும்போது அவருடைய வெள்ளைச் சட்டையில் புகைக்குழாய் ஒரு கறுப்பு வட்டம் போட்டுவிட்டுப் போனது. நல்ல அச்சு. வெளுக்கப் போடுகிற வரைக்கும் இருக்கும்.

பாலக்கோடு ரோட்டில் உள்ள பால் குளிர்விக்கும் நிலையத்தில் அவளுக்கு வேலை. வருகிற பாலையெல்லாம் சோதித்து, தண்ணீர் கலந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். விடிந்தும் விடியாமலும் கேன்கள் வந்து இறங்கும். மாரண்டஹள்ளியிலிருந்து வரும் முதல் பஸ்ஸை நம்பினால், அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லோருடைய தண்ணீரும் பாலாகிவிடும். அதனால்தான் மொபெட். மாற்றலாகிப் போன ஒரு தபால்காரரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கியது. அவள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் இசபெல்லா. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. அந்தப் படிப்பு ஒரு வேலைக்கு ஆயிற்று, ஆனால் வேலை தற்காலிகம்.

மேனேஜர் அதை மறக்கவிடமாட்டார்.

"பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குத்தான் திங்கக்கெழமை நோய் வரும்னு நெனச்சன். ஒங்க வண்டிக்கும் வருதே?"

"வண்டி பழசுங்க சார்."

"வண்டி பழசு, சரி. ஆனா கேன் காத்திருக்குமா? கிருஷ்ணகிரில ஒரு பையன் ரெடியா இருக்கான். சைக்கிள்லயே வந்துருவேங்கறான்."

கிருஷ்ணகிரியிலிருந்து சைக்கிளில் அந்தப் பையன் எப்போது கிளம்பி எப்போது வருவான் என்று அவள் கேட்கவில்லை. பையன் என்றால் வந்துவிடுவான் என்று நம்புகிற உலகம் இது.

கோபம் பாலின் மேல் திரும்பியது. நஞ்சப்பனின் கேனில் லாக்டோமீட்டரைப் போட்டாள். அது மிதக்க யோசிக்கவே இல்லை, நேராக முங்கியது.

"நஞ்சப்பண்ணா, இதுல பால் எவ்ளோ ஊத்தினீங்க?"

"சத்தியமா தண்ணி கலக்கலம்மா. நேத்து மாடு கொஞ்சம் ஜாஸ்தி தண்ணி குடிச்சிடுச்சி."

"அப்ப மாட்ட கூட்டியாங்க. திட்டறன்."

சாயங்காலம் வீட்டு வாசலில் செய்தித்தாளை விரித்து, கார்பரேட்டரை முழுசாகப் பிரித்துப் பரப்பினாள். அப்பா சவரி ஏர் மாடுகளைக் கொட்டகையில் கட்டிவிட்டு வந்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. பேசினால் அதில் பாதி மாட்டிடம்.

"இன்னிக்கும் நின்னுபோச்சா?"

"ஆமா."

"பொட்டப்புள்ளைக்கு ரெண்டு சக்கரம் என்னாத்துக்கு பாப்பா? நாலு காலு இருக்கற மாடே தார் ரோட்ல தடுமாறுது. தக்காளி லாரிக்காரன் கண்ண மூடினு வரான். பஸ்ல போ."

"அந்நேரத்துக்கு நீ பஸ் உடறயா?"

சவரி பஸ் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு கொட்டகைக்கே போய்விட்டார். இசபெல்லாவின் காதில் 'பொட்டப்புள்ளைக்கு' என்ற சொல் மட்டும் தங்கிவிட்டது. மற்றதெல்லாம் அவர் பின்னாலேயே கொட்டகைக்குப் போய்விட்டது.

அந்த ஆத்திரத்தில் கையை உதறினாள். பெட்ரோலை அளந்து விடுகிற, மூக்குத்தி அளவுக்கு இருந்த பித்தளை ஜெட் செய்தித்தாளிலிருந்து உருண்டது. உருண்டதை அம்மா லூர்தம்மாளின் கோழி பார்த்தது. மக்காச்சோளம் என்று எண்ணியதோ என்னவோ, ஒரே கொத்து.

"அம்மா! ஜெட்ட முழுங்கிடுச்சி!"

"யாரு முழுங்கினா? எத முழுங்கினா?"

"ஒன் கோழி! என் வண்டிய!"

லூர்தம்மாள் கோழியைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்தாள். மறுநாள் காலைக்குள் எப்படியும் வெளியே வந்துவிடும் என்றாள். இரண்டு பேரும் கூடையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கோழி எதையும் வெளியே விடுவதாக இல்லை. கூடைக்குள் கொக்கரித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தது.

கொட்டகையிலிருந்து சவரி வந்தார். கூடையைத் தூக்கினார், கோழியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கழுவிய ஜெட்டைக் கொண்டுவந்து மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"முட்ட வெக்கற கோழிங்க அது!" என்று லூர்தம்மாள் தலையில் கை வைத்தாள். "நீங்க ஆசயா வளத்ததாச்சே!"

"கொழம்பு வெய்யி," என்றார் சவரி.

தன் மேல் இருக்கிற கோபத்தை அப்பா கோழி மேல் காட்டிவிட்டார் என்று இசபெல்லா முடிவு கட்டினாள். விறைப்பாகவே சாப்பிட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

அந்த வாரம் முழுவதும் வண்டி குதிரை மாதிரி ஓடியது. திங்கட்கிழமை மாதா கோயிலுக்கு எதிரே நின்றது.

சாயங்காலமே மாரண்டஹள்ளி மெக்கானிக் முனிராஜிடம் தள்ளிக்கொண்டு போனாள். முனிராஜ் வண்டியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான், அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான்.

"வூட்ல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா?"

"ஏன், ஆம்பள வந்தாத்தான் நட்டு கழலுமா?"

"இல்லீங்க, என்னா கோளாறுன்னு சொல்றதுக்கு..."

"எங்கப்பாவுக்கு மாட்டு வைத்தியம் தெரியும். வேணும்னா வரச் சொல்றன். வாயத் தெறந்து பல்லு பாப்பாரு."

முனிராஜ் குனிந்து வண்டியைப் பார்த்தான். புகைக்குழாயில் கரி அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தான். உள்ளே இருந்ததையெல்லாம் உருவி எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் மாட்டினான். "இனிமே மூச்சு நல்லா வுடும்," என்றான்.

மூச்சு மட்டுமா விட்டது? நெல் அடிக்கிற மிஷின் மாதிரி ஊரையே அதிரவைத்தது. அவள் கிளம்புகிற சத்தத்தில் மாடுகள் கயிற்றை இழுத்தன, கைக்குழந்தைகள் எழுந்து அழுதன. அலாரம் வாங்க நினைத்திருந்தவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை சத்தம் பாதியில் நின்றபோது, கிணற்றடியில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள்: "கோயில்கிட்ட நின்னுடுச்சி."

ஊருக்கே நேரம் தெரிந்தது. அவளுக்குத்தான் நேரமாகிவிட்டது.

அன்றைக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கார்பரேட்டர் கிண்ணத்தில் இருந்ததை ரோட்டில் கொட்டாமல், கூடையில் இருந்த ஒரு கண்ணாடிக் குழாயில் பிடித்தாள். பால் சோதிக்கிற குழாய். தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். மேலே ஆயில் கலந்த பெட்ரோல் சிவப்பாக நின்றது. அடியில் கண்ணீர்த்துளி மாதிரி, தெளிவாக, எதோடும் ஒட்டாமல் ஒரு குமிழ்.

தண்ணீர்.

ஊரார் பாலில் தண்ணீர் பிடிக்கிறவள் அவள். அவள் பெட்ரோலிலேயே தண்ணீர்.

குழாயைத் துப்பாக்கி மாதிரி நீட்டிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனாள். பங்க்கில் இருந்தவர் முதலில் சிரித்தார், பிறகு பயந்தார். அவர் கண் முன்னாலேயே இரண்டு தடவை புதிதாகப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. "எங்கது சுத்தமான சரக்கும்மா," என்றார் அவர், ஜெயித்த முகத்தோடு. இசபெல்லாவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தாள். அதுவே மன்னிப்பு.

மழையாக இருக்குமோ? பங்குனி வெயிலில் கிணறே வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பனியாக இருக்குமோ? எதற்கும் இருக்கட்டும் என்று, டேங்க் மூடிக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சைக்கிள் டியூபை வாராக வெட்டி இறுக்கிக் கட்டினாள். இனி ஒரு சொட்டு உள்ளே போகாது.

காற்றும் போகவில்லை. மூடியில் காற்று போவதற்கென்று ஒரு சின்னத் துளை உண்டு. அதையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். அதுவரை திங்கட்கிழமை மட்டும் நின்ற வண்டி, இப்போது செவ்வாய், புதன், வியாழன் என்று வித்தியாசம் பாராட்டாமல் நின்றது. மேனேஜர் நோயின் பெயரை மாற்றலாமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஊக்கால் தாளில் ஒரு துளை போட்டாள். வண்டி ஓடியது. சனிக்கிழமையும் ஓடியது. அன்று மாலை குழாயில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமான பெட்ரோல். மறுபடியும் கட்டி, தன் கையாலேயே இரண்டு முடிச்சுப் போட்டாள்.

திங்கட்கிழமை மாதா கோயிலுக்கு எதிரே நின்றது.

குழாயின் அடியில் அதே குமிழ். மேனேஜர் அன்று நோயைப் பற்றிப் பேசவே இல்லை. "அடுத்த திங்கக்கெழமதாம்மா கடைசி," என்றார். குரலில் வருத்தம் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றப் போனபோதுதான் முடிச்சைப் பார்த்தாள். அவள் போட்டது அல்ல. ஒரு நுனியை இழுத்தால் படக்கென்று அவிழும் சுருக்கு முடிச்சு. கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு. அந்த வீட்டில் அந்த முடிச்சைப் போடுகிற கை ஒன்றுதான்.

லூர்தம்மாள் வண்டியைத் தொடவே மாட்டாள், ஷாக் அடிக்கும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இசபெல்லா கோயிலிலேயே நின்று சிறு பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு எடுப்பாள். அம்மா பின்னாலிருந்து பிள்ளைகளை அதட்டுவாள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் அப்பா ஒருத்தர்தான்.

பஸ்ஸில் போ என்றவர். பொட்டப்புள்ளைக்கு என்னாத்துக்கு என்றவர்.

உடனே சண்டை போடத்தான் வாய் வந்தது. ஆனால் கெமிஸ்ட்ரி படித்தவள் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தாள். அதனால் அந்த வாரம் அப்பாவுக்கு மரியாதை கொடுத்தாள்.

"சாப்புடுங்க." "தண்ணி வேணுங்களா?" "மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுட்டீங்களா?"

பிறந்ததிலிருந்து 'நீ' என்று கூப்பிட்ட மகள் 'நீங்க' என்றதும் சவரி உருட்டிய களியை வாய்க்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"இவளுக்கு என்னா ஆச்சு?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"படிச்சவங்க அப்டித்தான் பேசுவாங்களாம்," என்றாள் லூர்தம்மாள். அவளுக்கும் தெரியவில்லை.

காலையில் மகள் எழுவதற்கு முன்னால் சவரி ஒரு பிடி வைக்கோலால் வண்டியைத் தேய்த்துத் துடைத்து வைத்தார். இசபெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தடயத்தை அழிக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசையில் கடைசிப் பாட்டு முடிவதற்குள் இசபெல்லா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியேறினாள். வகுப்பு இல்லை என்றதும் பிள்ளைகள் போட்ட கூச்சல் ரோடு வரைக்கும் கேட்டது. வீட்டுக்கு ஓடிவந்து, வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, கையில் கண்ணாடிக் குழாயோடு உட்கார்ந்தாள்.

சவரி பின்னாலேயே மூச்சு வாங்க வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் லூர்தம்மாள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"பாப்பா! கிளாசு எடுக்காம ஏன் வந்துட்ட? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவர் கண் அவளைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது, திரும்பவும் அவளைப் பார்த்தது.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. நீங்க வந்த வேலையப் பாருங்க."

"என்னா வேல?"

"டேங்க்ல தண்ணி ஊத்தற வேல."

லூர்தம்மாள் செருப்பைக் கீழே போட்டாள். "யாருடீ ஊத்தினா?"

"கன்னுக்குட்டி முடிச்சு போடத் தெரிஞ்சவரு ஊத்தினாரு. கேளு. இல்லன்னு சொல்லச் சொல்லு."

சவரி இல்லை என்று சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஊத்தினன்," என்றார்.

ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்து, அதற்குத் தகுந்த மாதிரிதான் இசபெல்லா தயார் செய்து வைத்திருந்தாள். அவர் ஒப்புக்கொண்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதனால் குரல் இன்னும் உயர்ந்தது. நீங்க போய் நீ வந்துவிட்டது.

"ஏன்ப்பா? நான் வேலைக்குப் போறது ஒனக்குப் புடிக்கலன்னா நேரா சொல்ல வேண்டியதுதான? நாளைக்கு லேட்டா போனா வேல போச்சு, தெரியுமா? தண்ணி ஊத்தினா வண்டி நிக்கும்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்!"

"அது கெடுக்கற தண்ணி இல்ல, பாப்பா."

"தண்ணியில கெடுக்கற தண்ணி, கெடுக்காத தண்ணின்னு இருக்குதா? நான் கெமிஸ்ட்ரி படிச்சவ. எனக்கே சொல்றயா?"

"நீ படிச்சவ. அதான் சொல்லல." சவரி தரையைப் பார்த்தார். "சொன்னா சிரிப்ப."

"நான் இங்க அழுதுகினு இருக்கறன். சிரிப்பனாம்!"

உள்ளே போய்ப் பெட்டியை இழுத்தாள். சேலைகளை மடிக்காமல் அள்ளிப் போட்டாள். பாலக்கோட்டில் ரூம் எடுத்துக்கொள்கிறேன், நடந்தே வேலைக்குப் போகிறேன், இந்த வீட்டு வாசலில் வண்டியையும் வைக்க மாட்டேன், காலையும் வைக்க மாட்டேன் என்றாள். லூர்தம்மாள் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். சவரி வாசற்படி தாண்டாமல் வெளியிலேயே நின்றார்.

"ரூம்பு வேணாம் பாப்பா. இனிமே ஊத்தல. அந்த ரோட்ல நீ தனியா போறது... சரி, வுடு. ஊத்தல."

"ஏன் ஊத்தினன்னு சொல்லு. அப்பத்தான் பெட்டிய வெப்பன்."

சவரி கொட்டகைப் பக்கம் திரும்பி மாடுகளைப் பார்த்தார். மாட்டிடம் என்றால் சொல்லியிருப்பார்.

வெளியே சைக்கிள் பெல் அடித்தது. உபதேசியார் பெரியநாயகம் வாசலில் காலை ஊன்றி நின்று, சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினார்.

"என்னாங்க சவரிண்ணே, இந்த வாரத்துத் தீர்த்தத்த வாங்காமயே ஓடிட்டீங்க? மேல தெளிச்சா காத்துல காஞ்சி போவுது, மாட்டுக்கு ஊத்தற மாதிரி உள்ளயே எறக்குனாத்தான் எம் புள்ளய பத்தரமா வூடு கொண்டாந்து சேக்கும்னு, சனி பூரா எம் பின்னாடியே சுத்துவீங்களே!"